தண்ணீருக்குப் போகாத நிறம்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் ஸாலிஹ் நானாவின் வீடு இருக்கிறது. சுற்றிவர யாழ்ப்பாணத்து ஆட்களின் மாடிக் குடியிருப்புகள் எழும்பிவிட, அந்தப் பழைய ஓட்டு வீடு நடுவில் அமுங்கிப்போய்க் கிடக்கும். ஜன்னல் கம்பிகளில் பாதியைக் கடற்காற்று தின்றுவிட்டது. ஆனால் அந்த வீட்டு ரோல்ஸைத் தெரியாத தேத்தண்ணிக் கடை தெகிவளை வரைக்கும் கிடையாது. கண்ணாடிப் பெட்டியில் கடைக்காரன் எதையெல்லாம் அடுக்கி வைத்தாலும், "ஹபீலா ராத்தாட ரோல்ஸ் ஈக்கா?" என்று கேட்டு வாங்குகிறவர்கள் இருந்தார்கள்.

அந்த வீட்டில் விடியற்காலைச் சுபஹு பாங்குக்கு முன்பே அடுப்பு எரியும். ஸாலிஹ் நானாவின் பெண்சாதி ஹபீலா சின்ன முக்காலியில் குந்தி, இரும்புத் தட்டில் மாவைக் கடதாசி கனத்துக்குச் சுழற்றி வார்ப்பாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் மிளகுத்தூளும் பிரட்டிய கறியை அதில் வைத்து மடித்து, மாக்கரைசலில் தோய்த்து, ரஸ்க் தூளில் உருட்டித் தள்ளுவாள். மருமகள் அகீலா பொரித்து எடுப்பாள். மகன் இப்திகார் பெட்டிகளை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான். ஸாலிஹ் நானாவுக்கு வேலை, கதை சொல்வது. நடு அடுப்படியில் கதிரை போட்டு உட்கார்ந்து, நேற்று எந்தக் கடைக்காரன் என்ன சொன்னான் என்று நடித்துக் காட்டி, இரண்டு பெண்களையும் சிரிக்கவைத்து, சூட்டோடு ஒரு ரோல்ஸைத் தூக்கிக்கொண்டு போவார். அந்த மனிதர்தான் ஜனவரியில் ஒருநாள் மாமூட்டையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "கொஞ்சம் இரிக்கிறன்" என்று படியில் உட்கார்ந்தவர், பிறகு எழும்பவில்லை.

அன்றைக்கே ஹபீலா இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷன் மௌத்தானால் பெண்சாதி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்காமல் இருக்கிற காலம் அது. நகை கூடாது, அத்தர் கூடாது, கண்ணுக்குச் சுர்மாவும் கைக்கு மருதோண்டியும் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. எல்லாப் பெண்களும் இருக்கிற இத்தாதான். ஆனால் ஹபீலா இருந்தது போல யாரும் இருந்திருக்க மாட்டார்கள். கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். வாசனை என்று குளிக்கிற சவர்க்காரத்தைக்கூட மாற்றினாள்.

அதற்குக் காரணம் இருந்தது. ஹபீலா பிறந்தது கொட்டாஞ்சேனையில், லூசியா கோவிலுக்குப் பின்னால். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் றேணுகா. துணிக்கடையில் வேலைக்கு நின்ற ஸாலிஹை விரும்பி, கலிமாச் சொல்லி இஸ்லாத்துக்கு வந்து, ஹபீலாவாகி, முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஐந்து நேரமும் தொழுதாள், முப்பது நோன்பும் பிடித்தாள். ஆனாலும் ஸாலிஹின் மூத்த சகோதரி நிப்லாவுக்கு அவள் 'வந்த ஆள்'தான். கோபத்தில் சொல்வதில்லை, சாதாரணமாக, பெயரைச் சொல்வது போலச் சொல்வாள். முகத்துவாரத்தில் முஸ்லிமாகவே பிறந்து வளர்ந்த அகீலா மாதத்தில் பாதி நாள் சுபஹுக்கு அரைத் தூக்கத்தில் தொழுவாள், மீதி நாள் அதுவும் இல்லை. அவளை யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

மாசி மாதத்துப் புழுக்கத்தில் ஒரு விடியற்காலை, எண்ணெய்ச் சட்டியிலிருந்து நிமிர்ந்த அகீலா, மின்விளக்கு வெளிச்சத்தில் மாமியின் முகத்தைப் பார்த்தாள்.

"மாமி, கண்ணுல எனத்த?"

"எனத்த?"

"இமை ரெண்டும் கத்தரிப்பூ நெறத்துல ஈக்கிது. தேச்சிட்டீங்களா?"

"அழுத அழுகைக்கி வீங்கி ஈக்கும். புகையும் படுற தானே. நீ எண்ணயப் பாரு புள்ள, கருகப் போகுது."

பொருத்தமான பதில்தான். அழுதாள் என்பதும் உண்மை, புகை என்பதும் உண்மை. அகீலா அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஒரு கிழமை போக, மாவைப் பிசைகிற கையின் விரல் முட்டுக்களிலும் சிவப்பாகத் தடித்துத் தடித்து ஏதோ வந்திருந்தது. சூடு பட்டிருக்கும் என்றாள் ஹபீலா. கன்னமும் கழுத்தும் சிவந்தபோது வேர்க்குரு என்றாள். அகீலா காலி வீதி மருந்துக் கடைக்குப் போய்ச் சொல்லி, படைக்குப் பூசுகிற களிம்பு ஒன்று வாங்கி வந்தாள். அதைப் பூசியும் ஒன்றும் குறையவில்லை.

மௌத்தான நாற்பதாம் நாள் ஓதுகிற கத்தத்துக்கு நிப்லா தெகிவளையிலிருந்து மருமகள்மாருடன் வந்தாள். பெண்கள் கூடத்தில் பாய் விரித்து ஓதி முடித்து, சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி நால்வர் நால்வராகச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஹபீலா வெள்ளைச் சீலையில் தலையை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சஹனுக்கும் கறி போட்டுக்கொண்டு வந்தாள். நிப்லா சோற்றில் வைத்த கையை எடுத்தாள்.

"ஹபீலா, இஞ்ச வா. லைட்டுக்கு வா."

ஹபீலா வந்தாள்.

"கண்ணுக்கு எனத்த பூசின?"

"ஒண்டும் பூசல்ல மதினி."

"அப்ப இது எனத்த? கன்னத்துலயும் செவப்பு. கையக் காட்டு." நிப்லா கையைப் பிடித்துத் திருப்பினாள். "மருதோண்டியா?"

"அல்லாட காவல் மதினி, இல்ல. இது சும்மா வந்தீக்கி. வேர்க்குரு."

"கண்ணிமைக்கி வேர்க்குரு வாறத நான் இப்பதான் கேள்விப்படுற."

பெண்கள் எல்லாரும் சாப்பாட்டை நிறுத்தியிருந்தார்கள். நிப்லா தன் முந்தானையின் நுனியைத் தண்ணீர்க் கோப்பையில் நனைத்தாள். ஹபீலாவின் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, குழந்தையின் முகத்தைத் துடைப்பது போல, ஆனால் அழுத்தி, ஒரு இமையைத் தேய்த்தாள். பிறகு மற்றதை. முந்தானையைப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது. திரும்பவும் நனைத்துத் தேய்த்தாள். ஹபீலாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, இமையின் தோல் உரிந்து சிவந்தது, நிறம் மட்டும் போகவில்லை.

இந்த இடத்தில் ஒரு மனுஷிக்குச் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். நிப்லாவுக்குச் சந்தேகம் உறுதியானது.

"போகுதில்ல. இப்பத்தய சாமான் அப்பிடித்தான், தண்ணிக்குப் போகா. என்ட சின்ன மருமகளும் கலியாணத்துக்கு அப்பிடி ஒண்டு போட்ட. மூணு நாளா போகல்ல." முந்தானையைப் பிழிந்துவிட்டு அவள் சொன்னாள், "என்ட தம்பிட மண் இன்னம் காயல்ல. வந்த ஆள் வந்த ஆள்தான்."

அகீலாவுக்குப் பதில் வாய்வரை வந்துவிட்டது. மாமியைப் பார்த்தாள். மாமி குனிந்து அடுத்த சஹனுக்குக் கறி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. வெள்ளவத்தையிலிருந்து தெகிவளைக்கும், அங்கிருந்து கல்கிசைக்கும் கதை போய்ச் சேர இரண்டு நாள்கூட ஆகவில்லை. இத்தாவிலே கண்ணுக்குக் கலர் பூசினாளாம். சில வாய்களில் அதற்குக் காரணமாக ஒரு ஆணும் உண்டானான். கதை ஹபீலாவின் காதுக்கும் வந்தது. பவுடர் போட்டு மறைக்கலாம் என்றால் அதுவும் அலங்காரம் என்பார்கள்.

"மகள், இனி என்ன ஒத்தரும் பாக்க வேணாம்" என்றாள் அகீலாவிடம். "இத்தா முடியும் மட்டும் நான் ரூமுலதான். கறியையும் மாவையும் உள்ளுக்குத் தா. நான் செஞ்சி தாற."

அறை வாசலில் வெள்ளைச் சீலை தொங்கியது. ஜன்னல் சாத்தியிருந்தது. அந்த இருட்டுக்குள் இருந்து தட்டுத் தட்டாக ரோல்ஸ் வந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எண்ணெயில் போட்டதும் மடிப்பு விரியத் தொடங்கியது. முப்பது வருஷமாக ஹபீலா மடித்த ரோல்ஸ் எண்ணெயில் வாய் திறந்ததே இல்லை. இப்போது கறி வெளியே வந்து சட்டி முழுக்கக் கருகி மிதந்தது. அகீலா திரையை விலக்கிப் பார்த்தாள். மாமி இரண்டு கையாலும் ஒரு ரோல்ஸை அமத்திக்கொண்டிருந்தாள். அமத்த அவளுக்குப் பலம் போதவில்லை.

"கை ஒளையிது மகள். வேற ஒண்டுமில்ல."

தலை சீவக் கை உயரவில்லை, அகீலாதான் சீவிவிட்டாள். தொழுகையில் நெற்றி வைத்த ஸுஜூதிலிருந்து எழும்ப முடியாமல் போனது. கதிரையில் இருந்து தொழுதாள். வயிறு உப்பியது, உட்கார்ந்தே இருந்தால் உப்பத்தானே செய்யும் என்றாள். எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மாடி வீட்டு பாலேஸ்வரி ரீச்சர் ஒரு கிண்ணம் ரசம் கொண்டுவந்து, திரைக்கு வெளியே நின்று சொன்னா:

"பிள்ளை, வெயில் படாட்டி உடம்பு இப்பிடித்தான் வரும். விற்றமின் குறைவு. உங்கட மாமிய மொட்டை மாடிக்கு ஏத்தி ஒரு அரை மணித்தியாலம் இருக்கச் சொல்லுங்கோ. எங்கட வீட்டு ஆம்பிளயள் ஒருத்தரும் ஏற மாட்டினம், நான் பாத்துக்கொள்ளுறன்."

நல்ல மனுஷி. ஆனால் படி ஏற ஹபீலாவின் கால்கள் இடம் கொடுக்கவில்லை.

அகீலாவுக்குப் பொறுமை போனது. ஒருநாள் மத்தியான லுஹர் தொழுதுவிட்டு மாமி கண் அயர்ந்த நேரம் பார்த்து, ஜன்னலை மெல்லத் திறந்து, வெளிச்சம் விழுந்த முகத்தையும் மார்பில் கிடந்த கையையும் போனில் படம் பிடித்தாள். திருட்டுத்தனம்தான். எடுத்தது வெளியே போனால் நிப்லா மாமிக்கு வேறு சாட்சி வேண்டாம் என்பதும் தெரியும். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பம்பலப்பிட்டியில் ஒரு தோல் வைத்தியரிடம் போனாள். சிங்களப் பெண், நடுத்தர வயது. படத்தை விரலால் விரித்து இமையைப் பார்த்தாள். பிறகு விரல் முட்டுக்களைப் பார்த்தாள்.

"அத்த உஸ்ஸன்ன புளுவன்த?" என்று கேட்டு, தன் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"பேஹே டொக்டர்" என்றாள் அகீலா. தூக்க முடியாது. தலை நான்தான் சீவுகிறேன்.

கதிரையிலிருந்து தானாக எழும்புவாளா? விழுங்கும்போது சிக்குகிறதா? வயிறு வீங்கியிருக்கிறதா? டொக்டர் கேட்கக் கேட்க, தன் வீட்டுக்குள் யாரோ ஒளிந்திருந்து பார்த்துவிட்டு வந்து கேட்பது போல அகீலாவுக்கு இருந்தது. கடைசியில் டொக்டர் போனை மேசையில் வைத்துவிட்டு, சிங்களத்தில், மெதுவாக, விளங்கும்படி சொன்னாள். இது அபூர்வமான வருத்தம். தோலில் தெரிந்தாலும் தோலோடு நிற்பதில்லை, தசையையும் பிடிக்கும். சிலருக்கு உடம்புக்குள் எங்கேயாவது புற்று வளரும்போது, அதோடு சண்டை பிடிக்கப்போன உடம்பு தன்னையே தாக்கத் தொடங்கும். அப்போதும் இந்த நிறம் வரும். எல்லாருக்கும் அப்படியில்லை. ஆனால் இந்த வயதில், வயிறும் வீங்கியிருந்தால், தேடிப் பார்க்காமல் விடக் கூடாது. ஸ்கேனும் இரத்தச் சோதனையும் வேண்டும். அதை வீட்டில் வந்து செய்ய முடியாது. நாளைக்கு என்று வைக்காமல் இன்றைக்கே கொண்டுவா.

அகீலா பஸ்ஸில் நின்றுகொண்டே அழுதாள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினாள். ஹபீலா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இத்தா முடியட்டும்" என்றாள்.

"மாமி, இது வெளையாட்டு இல்ல. சாகுற வருத்தம்."

"மௌத்து வாறெண்டா எங்க இருந்தாலும் வரும். அவருக்கு வாசப்படியில வந்த."

"அப்பிடிச் செல்லாதீங்கொ. எங்களுக்கு நீங்க வேணும்."

"மகள், இப்ப நான் வாசல் தாண்டினா எனத்த செல்லுவாங்கொ? பூச்சும் பூசிக்கிட்டு வெளியயும் போய்த்த எண்டுதான். அவங்க செல்லட்டும். ஆனா அவரு கப்ருக் குழிக்குள்ள கேப்பாரு."

இப்திகார் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். உம்மாவைத் தூக்கி வண்டியில் போடுகிற பலம் அவனுக்கு உண்டு. அதற்கு மனம் வரவில்லை.

"பள்ளிவாசல்ல மௌலவி ஹஸரத்துக்கிட்டக் கேளுங்கொ" என்றாள் அகீலா.

"எப்பிடிக் கேக்குற? நிப்லா மாமிட மாப்பிள்ள பள்ளி நிர்வாகத்துல ஈக்கிற. உம்மா இத்தாவுல வெளிய போகப் பாக்குறா எண்டு கேட்ட அடுத்த நிமிஷம் தெகிவளைக்கிப் போய்த்துடும். உம்மாட மானம் இன்னம் கொஞ்சம்தான் மிச்சம் ஈக்கி."

ஒரு கேள்வியைக் கேட்க வெட்கப்பட்டு, அந்த வீடு வாயை மூடிக்கொண்டிருந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஹபீலாவின் தம்பி றேமண்ட் வந்தான். துறைமுகத்தில் கொள்கலன் தூக்கும் இயந்திரம் ஓட்டுகிறவன், முரட்டு ஆள். கூடப் பிறந்தவன் என்பதால் திரைக்கு உள்ளே போக அவனுக்குத் தடையில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிலத்தில் குந்திவிட்டான்.

"என்னக்கா இது. செத்த மீன்ட கண்ணு மாதிரி இருக்கு. எழும்பு. நான் தூக்கிட்டுப் போறன். எவன் தடுக்கிறான் எண்டு பாப்பம்."

தம்பியோடு பேசும்போது ஹபீலாவுக்குப் பழைய கொட்டாஞ்சேனைப் பேச்சு வந்துவிடும்.

"வேணாண்டா தம்பி. நீ தூக்கினா, கொட்டாஞ்சேனை ஆக்கள் வந்து இத்தாவ முறிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாங்க எண்டு கதை வரும். முப்பது வருஷமா நான் கட்டினதெல்லாம் ஒரு நாள்ல போயிடும்."

"அவங்க உனக்குச் சோறு போடுறாங்களா?"

"சோறு இல்லடா. எனக்கு அவர்ட பக்கத்துல படுக்க ஒரு இடம் வேணும். அதக் கேக்குற நாளைக்கு ஒருத்தரும் மூஞ்சியத் திருப்பக் கூடாது."

றேமண்ட் கொண்டுவந்த அப்பிள் பையை வைத்துவிட்டுப் போனான். ஒழுங்கை முனையில் நின்று அவன் அழுததை இப்திகார் கண்டான்.

பிறகு நோன்பு வந்தது. நோன்பு என்றால் அந்த வீட்டுக்கு வருஷத்துச் சம்பாத்தியம். விடியற்காலை வேலை பின்நேர அஸருக்கு மாறும். நோன்பு திறக்கிற நேரத்துக்கு வெள்ளவத்தை முழுக்க சமோசாவும் ரோல்ஸும் வேண்டும். அகீலா தனியாகத் திண்டாடினாள். ஹபீலா நோன்பை விடவில்லை. வருத்தக்காரர்களுக்கு விடலாம் என்று அகீலா சொன்னதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். களைப்புக்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது. இப்போது கேட்பவர்களுக்கு எல்லாம் நோன்புக் களைப்பு.

கடைசிப் பத்து நோன்பில் ஒரு மஃரிப், பொழுது படுகிற நேரம். பாங்கு கேட்டதும் அகீலா பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்துப் பிய்த்து மாமியின் வாயில் வைத்தாள். ஹபீலா மென்றாள், விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. கஞ்சி கொடுத்தால் வழுக்கும் என்று அகீலா கோப்பையை வாயில் பிடித்தாள். ஒரு மிடறு போனது. அடுத்தது மூக்கு வழியாக வந்தது. பிறகு இருமல், அதன் பிறகு மூச்சே வரவில்லை. கழுத்து ஒரு பக்கம் விழுந்தது. இப்திகார் உம்மாவைக் குப்புறச் சாய்த்து முதுகில் அடித்தான். மூச்சு சீறிக்கொண்டு திரும்பியது. அவன் செருப்பும் போடாமல் பள்ளிக்கு ஓடினான்.

பஸீர் மௌலவி தொழுகை முடித்துப் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். இப்திகார் முழுதையும் சொன்னான்; நிறம், தேய்த்தது, டொக்டர், எல்லாம்.

"டொக்டர் செல்லி எத்தின நாள்?"

"நோன்புக்கு முந்தி ஹஸரத்."

மௌலவி படியை விட்டு இறங்கி அவன் கிட்ட வந்தார்.

"மருந்துக்குப் போறதுக்கு இத்தா தடையில்ல வாப்பா. உசிரக் காப்பாத்துற கடமை. இது சின்னப் புள்ளக்கும் நாங்க சொல்லிக் குடுக்கிற விஷயம். ஒரு வார்த்த கேட்டீந்தா அண்டைக்கே செல்லியீப்பனே. இப்ப நிண்டு அழாத. அம்புலன்ஸுக்கு அடி. ஒங்கட மாமிட ஆக்கள்கிட்ட நான் கதைக்கிற."

ஸ்கேனில் வயிறு முழுக்க நீர் தெரிந்தது. சூலகத்தில் தொடங்கி வயிற்று ஜவ்வெல்லாம் பரவியிருந்தது புற்று. பெரிய ஆஸ்பத்திரியில் சில நாள், பிறகு மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி. கொழும்பில் மஹரகமவுக்குப் போயிருக்கிறா என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. முன்னரே வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம், உடம்பிலும் தெம்பு இருந்திருக்கும் என்றார் டொக்டர். இப்போது மருந்து ஏற்றிப் பார்க்கலாம், தாங்கினால். அவர் குறை சொல்லவில்லை. அதனால்தான் இப்திகாருக்குத் தாங்க முடியாமல் போனது.

பெருநாள் வார்டில் கழிந்தது. மூக்கில் குழாய் போட்டு அதன் வழியே பால் கொடுத்தார்கள். வெளியே சித்திரை வெயில் கொளுத்தியது. மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு மழை அடித்து, வார்டெல்லாம் ஈர மண் வாடையும் மருந்து வாடையும் கலந்து வீசும். அகீலா ஸ்டூலில் இருந்து மாமியின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அடுப்பு எரியாமல் போய்க் கன நாளாயிற்று. கடைக்காரர்கள் முதலில் போன் எடுத்தார்கள், பிறகு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒருநாள் மழை விட்ட நேரம், அகீலா மனசில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டாள். சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆத்திரம் சொல்ல வைத்தது.

"ஹஸரத் எனத்த செல்லின தெரியுமா மாமி? மருந்துக்குப் போகத் தடையே இல்லயாம். தெரியாத்தனத்துல உங்கள நாங்களே சாக விட்டீக்கி."

ஹபீலா கண்ணைத் திறந்தாள். இமைகள் அதே கத்தரிப்பூ நிறத்தில், இப்போது இன்னும் கருத்து இருந்தன.

"எனக்குத் தெரியும்."

"எனத்த தெரியும்?"

"போகலாம் எண்டு." குரல் மூக்கால் வந்தது, விட்டு விட்டு வந்தது. "கலிமாச் சொன்ன வருஷமே ஒரு ஆலிமாக்கிட்டப் போயி எல்லாம் ஓதிப் படிச்ச. இத்தா சட்டம், நோன்பு சட்டம், எல்லாம். ஒனக்குத் தெரியா. எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் மாமி?"

பால் குழாயில் ஒரு குமிழி ஏறி இறங்கியது.

"சலுகையெல்லாம் பொறந்த ஆக்களுக்கு மகள். நீ சுபஹுக்கு எழும்பாட்டியும் அகீலாதான். நான் ஒரு நாள் எழும்பாட்டி றேணுகா."

அகீலா கையை விடவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு மாமி மேல் வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. கன்னத்தில் அறைய வேண்டும் போலவும், மடியில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இவ்வளவு தெரிந்தும் ஒருத்தி சாவைத் தேடி இருட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாளே. தன் அரைத் தூக்கத் தொழுகைகள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்து, அதற்கும் சேர்த்து அழுகை வந்தது.

இத்தா முடிகிற நாளும் அந்தக் கட்டிலிலேயே வந்தது. தாதி அனுமதி கொடுக்க, அகீலா வெந்நீரில் துணி நனைத்து மாமியின் உடம்பைத் துடைத்துவிட்டாள். எலும்பும் தோலும், நடுவில் வீங்கிய வயிறும்தான் மிச்சம். பார்வை நேரத்துக்கு நிப்லா வந்தாள். மௌலவி கதைத்திருந்தார், அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு பையில் இளநீலச் சீலை கொண்டுவந்திருந்தாள். கட்டிலருகே நின்றவளுக்கு அகீலா ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தாள்.

ஹபீலாவின் முகத்தை நிப்லா பார்த்தாள். கையை அந்தக் கண் வரைக்கும் கொண்டு போனாள், தொடப் பயந்து எடுத்துக்கொண்டாள்.

"ஹபீலா, நான் பாவி. எனக்கு மாப்புத் தா. ஒன்ட கண்ண இந்தக் கையாலதான் தேச்ச. என்ட தம்பிக்கி நான் எனத்த பதில் செல்லுற?"

ஹபீலா அந்தப் பேச்சைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவளுக்கு வேறு கேள்வி இருந்தது. அதைக் கேட்க மூச்சைச் சேர்த்துக்கொண்டாள்.

"மதினி, நான் இத்தா சரியா இருந்த தானே?"

நிப்லா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே சொன்னாள்.

"எங்கட குடும்பத்துல ஒருத்தரும் இப்பிடி ஒரு இத்தா இரிக்கல்ல புள்ள. எங்கட உம்மாவும் இரிக்கல்ல."

ஹபீலாவின் முகத்தில் சதையே இல்லை. ஆனாலும் அதில் ஒரு சிரிப்பு வந்தது. ஸாலிஹ் நானா போன பிறகு அகீலா அந்த முகத்தில் கண்ட முதல் சிரிப்பு. புதுச் சீலை வாங்கிக் கொடுத்த குமரியைப் போல, வெட்கமும் பெருமையுமாகச் சிரித்தாள். எதைக் கொடுத்து இதை வாங்கினாள் என்று அகீலாவுக்குத் தெரியும். விற்ற நிப்லாவுக்கும் இப்போது தெரியும். வாங்கியவள் மட்டும் பூரித்துப்போய்க் கிடந்தாள்.

கழுத்தைத் திருப்ப முடியாமல், கண்ணை மட்டும் மருமகள் பக்கம் திருப்பினாள்.

"கேட்டியா மகள்?"

"கேட்ட மாமி" என்றாள் அகீலா.